எரிந்தால் கூப்பிடவும்

தணிகாசலம் ஒரு சோப்புக் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜராக இருந்தவர். கம்பெனியை மூடிய பிறகு வடிவம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

பொதிகை அடிவாரத்தில் இருந்த வடிவம்மையின் மடத்தில் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் காய்ச்சினார்கள். நடைத் தைலம் என்று பெயர். அதை விற்று வருவதில்தான் மடத்து வைத்தியசாலை நடந்தது. அங்கே யாரிடமும் காசு வாங்குவதில்லை.

தைலத்தை ஆன்லைனில் போடலாம் என்று சொன்னவர் தணிகாசலம்தான். போட்டார்கள். நன்றாகவே விற்றது. பிறகு அதே பெயரில், அதே படத்தோடு, யார் யாரோ விற்க ஆரம்பித்தார்கள். பாதி விலை. பாட்டிலுக்குள் இருந்தது என்ன எண்ணெய் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. வாங்கியவர்கள் எரிகிறது, கொப்பளிக்கிறது என்று மடத்துத் தைலத்தின் கீழே எழுதிவிட்டுப் போனார்கள். ஆர்டர் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச காலம் இப்படிப் போனால் வைத்தியசாலைக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஒரு நாள் காலையில் குரு வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நம்ம பேரைத் திருடுறவங்கள எப்படி நிறுத்துறது?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"லேபிள்ல ஹாலோகிராம் ஒட்டினேன். சாய்ச்சுப் பிடிச்சா மின்னும்."

"அவங்க?"

"அவங்களும் ஒட்டினாங்க." தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "நம்முதைவிட நல்லா மின்னுது."

"பெறகு?"

"ஆன்லைன் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். கடையை எடுத்துடறாங்க. உடனே அதே ஆள் வேற பேர்ல வந்துடறான். போன வாரம் 'அசல் தணிகாசலம் ஸ்டோர்ஸ்'னு ஒண்ணு முளைச்சிருக்கு."

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பெறகு?"

"ஆதாரம் வேணும்னாங்க. அதனால நானே அவங்ககிட்ட வாங்கினேன். மச்சான் வீட்டு விலாசம், சம்பந்தி வீட்டு விலாசம்னு மாத்தி மாத்தி வாங்கினேன். நிறையவே வாங்கிட்டேன்."

"வாங்கி?"

"இப்போ நடைத் தைலம்னு தேடினா அவங்க கடைதான்மா முதல்ல வருது. பக்கத்துல 'அதிகம் விற்பனையாவது'ன்னு பட்டை வேற போட்டிருக்காங்க."

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

"தீவாளிக்கு உங்களுக்கு அவங்க ஸ்வீட் பாக்ஸ் அனுப்பணுமே, ஐயா."

தணிகாசலம் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாசரேத்திலிருந்து ஞானசெல்வி என்ற பெண் இறங்கினாள். தன் தாயாரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். கிழவியின் முழங்கால் சிவந்து கொப்பளித்திருந்தது. மகள் கையில் நடைத் தைலம் பாட்டில்.

"யாரு இதுக்குப் பொறுப்பு? நடக்கதுக்குத் தைலம் வாங்குனா, இருந்த நடையும் போச்சு!"

தணிகாசலம் பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"அம்மா, இது நம்ம தைலம் இல்ல. போலி. நம்ம மூடில உள்பக்கம் ஒரு வளையம் இருக்கும்."

ஞானசெல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ எங்கம்மைக்குக் கால் வேகலையோ?"

"அப்படிச் சொல்லல..."

"மூடிக்குள்ள வளையம் இருக்கான்னு நான் கண்டனா? பேரைப் பாத்து வாங்குனேன். இந்த எடத்தைக் கண்டுபிடிச்சு வாரதுக்குள்ள எனக்கு உசுரு போயிட்டு. பாட்டில்ல ஒரு போன் நம்பருகூடக் கிடையாது!"

"ஏட்டி, சண்டை போடாத. கால் காந்துது" என்றாள் கிழவி.

குரு அதற்குள் வாளியில் தண்ணீரோடு வந்துவிட்டார். கீழே உட்கார்ந்து கிழவியின் காலைத் தன் மடிமேல் வைத்து, தண்ணீரை மெல்ல ஊற்றினார். வைத்தியசாலை டாக்டருக்கு ஆள் அனுப்பினார். தணிகாசலம் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் வந்து கிழவியை உள்ளே அழைத்துப் போன பிறகு குரு கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினார். மின்னுகிற ஹாலோகிராமின் மேல் விரலை வைத்தார்.

"நம்ம லேபிள்ல இந்த எடத்துல முன்னாடி என்னவோ எழுதியிருந்துச்சே?"

"நம்ம போன் நம்பர். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"எங்க கம்பெனில அப்படித்தான் சொல்லித் தருவாங்கம்மா. குறை சொல்ல வாசல் திறந்து வைக்கக் கூடாதுன்னு."

"அந்தச் சோப்புக் கம்பெனியா?"

"ஆமா."

"மூடிட்டாங்கல்ல?"

"மூடிட்டாங்க."

குரு பாட்டிலைக் கீழே வைத்தார். ஒரு கரித்துண்டை எடுத்தார். வேர் கட்டி வந்த அட்டையில் மடத்து நம்பரைப் பெரிதாக எழுதினார். அதன் மேல் 'எரிந்தால் கூப்பிடவும்' என்று எழுதித் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

"ஹாலோகிராமை எடுத்துட்டு இதைப் போடுங்க."

தணிகாசலம் அட்டையை இரண்டு தரம் படித்தார். "அம்மா, எரிந்தால்னு எந்தக் கம்பெனியாவது தன் பாட்டில்ல போடுமா? பார்த்தவுடனே கீழே வச்சுடுவாங்க."

"நம்ம தைலம் எரியுமா?"

"எரியாது."

"பெறகென்ன?"

"இதையும் அவங்க காப்பி அடிப்பாங்களே!"

"அடிக்கட்டும்" என்றார் குரு. மறுபடியும் வேர் நறுக்க உட்கார்ந்தார்.

புதிய லேபிள் வந்தது. முதலில் யாரும் கூப்பிடவில்லை. தணிகாசலம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். எதிரிகள் என்றைக்கும் சுறுசுறுப்பானவர்கள். லேபிளை அப்படியே நகல் எடுத்தார்கள். எழுத்தும் அதே, நிறமும் அதே, நம்பரும் அதே.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் திட்டினார். ஆரணியிலிருந்து ஒரு அம்மாள் அழுதாள். "எரிந்தால்னு போட்டிருக்கே, எரிஞ்சா சந்தோஷப்பட்டுக் கூப்பிடணுமோ?" என்று ஒருவர் கேட்டார். தணிகாசலம் எல்லோருக்கும் பதில் சொன்னார். கழுவச் சொன்னார், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், அசல் தைலம் ஒன்றை அனுப்பி வைத்தார். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவர் கேட்கக்கூடத் தேவையிருக்கவில்லை. பில்லும், பாட்டிலும், வெந்த தோலும் படமாக வந்து விழுந்தன. தணிகாசலம் சொன்னால் அது வியாபாரப் போட்டி. வாங்கியவர்களே புகார் எழுதியபோது ஆன்லைன் கம்பெனியால் அப்படி ஒதுக்க முடியவில்லை. கடைகள் விழுந்தன. புதுப்பேரில் வந்தவையும் விழுந்தன. அசல் தணிகாசலம் ஸ்டோர்ஸும் போயிற்று. அன்றைக்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பிழைத்துக் கிடந்த ஒன்றிரண்டு பேர் கடைசியில் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு லேபிள் அடித்தார்கள். வாங்கியவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்கள். "எரிந்தால்னு ஒண்ணு இருக்குமே, அது எங்க?" என்று கொண்டுவந்த பையனிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆர்டர் ஏறியது. வைத்தியசாலைக் கூரைக்குப் புது ஓடு வந்தது. ஞானசெல்வியின் தாயார் ஆட்டோவிலிருந்து தானே இறங்கி நடந்து வந்து, தணிகாசலத்திடம் ஒரு பொட்டலம் கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனால் போன் நிற்கவில்லை. எங்கோ மீந்து கிடந்த போலிப் பாட்டில்கள் அவ்வப்போது யார் காலிலோ எரிந்துகொண்டுதான் இருந்தன. தணிகாசலம் அலுத்துப் போனார்.

"எவனோ விக்கறான், திட்டு வாங்கறது நான். அசலும் நாமே அனுப்பறோம். இது என்ன நியாயம்மா?"

குரு அடுப்பில் தைலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. தணிகாசலம் எடுத்தார். மறுமுனையில் யாரோ வலியில் பேசும் சத்தம். அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"இனிமே ஒரு வழக்கம் வச்சுக்கலாம்மா. வாங்கினது நம்மகிட்டயா, அவங்ககிட்டயான்னு முதல்ல கேட்டுடறேன்."

குரு கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்:

"முதல்ல கால் எப்படி இருக்குன்னு கேளுங்க, ஐயா."