பல்பு மாட்டினா கனக்குது

லாரி ஓட்டுன காலமெல்லாம் வீரணனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வைத்தியம். வண்டி ஏத்தத்துல மூச்சு வாங்குதா, லோடை எறக்கு. அம்பது தாண்டி ரோசம்மாகிட்ட சிஷ்யனா வந்து சேர்ந்தப்பவும் அவர் கையில இருந்தது அந்த வைத்தியம்தான்.

ரோசம்மா அவரைவிட வயசுல சின்னவங்க. போடி மலையடிவாரத்துல ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. காயலான் கடையில செத்துக் கெடக்குற வாஷிங் மெஷினா பாத்து வாங்குவாங்க. மோட்டாரை உருவி, கிண்ணம் கிண்ணமா வச்ச ஒரு சக்கரத்தை அதுல மாட்டி, ஓடைத்தண்ணி விழுற எடத்துல நிறுத்துவாங்க. தண்ணி சக்கரத்தைச் சுத்தும். ஒரு காலத்துல கரண்டைத் தின்னு துணி துவைச்ச மோட்டார், இப்ப கரண்டு குடுக்கும். லைன் எட்டாத வீட்டுல வெளக்கு எரியும்.

வீரணன் தொழில் கத்துக்க வரல. ஒரு கேள்வியோட வந்தாரு.

அதுக்கு முன்னாடி ரெண்டு சாமியாரைப் பாத்தாச்சு. ஒருத்தர் கண்ணை மூடி, "எல்லாம்... மா...யை"ன்னு இழுத்தாரு. அவர் இழுத்து முடிக்கிறதுக்குள்ள காணிக்கைத் தட்டு பக்கத்துல வந்து நின்னுருச்சு. இன்னொருத்தர், "விட்டுரு"ன்னாரு.

"விட்டுட்டுத்தான் சாமி வந்திருக்கேன்"னு எந்திரிச்சு வந்துட்டாரு வீரணன்.

இதைச் சொன்னப்ப, "எதை விட்டீங்கண்ணே?"ன்னு ரோசம்மா கேட்டாங்க.

"பொண்டாட்டிய."

அங்கம்மாவுக்குக் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துபோச்சு. குளிப்பாட்டணும், ஊட்டணும், முதுகு புண்ணாகாம பொரட்டிப் போடணும். கொஞ்ச நாள் பாத்தாரு. பெறகு கம்பத்துல அவ அண்ணன் வீட்டுல கொண்டுபோய்ப் படுக்கப் போட்டு, "ஒரு லோடு போயிட்டு வந்துர்றேன்"னாரு. நாக்கு பொரளாம அவ என்னமோ சொன்னா. இவரு நின்னு கேக்கல. ஒரு லோடு இன்னொரு லோடாச்சு. மச்சினன் போன்ல அவ செத்த சேதி சொன்னப்ப வண்டி நாக்பூர்ல நின்னுச்சு.

"இப்ப எனக்குன்னு ஒரு சொமையும் இல்ல மேஸ்திரிம்மா. நெஞ்சு மட்டும் கல்லாக் கனக்குது. எப்ப லேசாகும்?"

ரோசம்மா ஸ்பானரை நீட்டினாங்க. "மொதல்ல அந்த மெஷினைப் பிரிங்கண்ணே."

பிரிச்சாரு. பிரிச்சுக்கிட்டே இருந்தாரு. பதில் வரல.

ஒருநாள் ரோசம்மாவுக்குத் தேனியில வேலை. "மலை மேல கன்னியம்மா வீட்டுக்கு நீங்களே போய் மாட்டிருங்க. மருமக பச்சப்புள்ளையோட வந்திருக்கு. இன்னைக்கு வெளக்கு எரியணும்."

வீரணன் போனாரு. சக்கரத்தை நிறுத்தி, தண்ணியத் தெறந்துவிட்டாரு. சக்கரம் 'விர்ர்ர்'ருன்னு கெளம்புச்சு. பல்பு வயரை மாட்டினாரு. பல்பு எரிஞ்சுது, ஆனா சத்தம் 'உம்ம்ம்'னு எறங்கிருச்சு. கழட்டினா 'விர்ர்ர்'. மாட்டினா 'உம்ம்ம்'. பேரிங்கைப் பிரிச்சு கிரீஸ் போட்டுப் பாத்தாரு. அப்பவும் 'உம்ம்ம்'.

அவருக்கு நல்லாப் பழகுன சத்தம்தான். ஏத்தத்துல திணறுற லாரி.

"மோட்டார் கனக்குது தாயி. ராத்திரி சும்மா ஓடி லேசாகட்டும். காலையில வந்து பல்பை மாட்டிர்றேன்"னு வயரைக் கழட்டிட்டு எறங்கிட்டாரு. அன்னைக்குப் படுத்ததும் தூங்கினாரு.

விடிஞ்சதும் கன்னியம்மா சாக்குமூட்டையோட பட்டறை வாசல்ல நின்னா.

"இந்தா ரோசம்மா, ஒன் மோட்டாரு. லாரிக்காரரு சும்மா ஓடட்டும்னாரு, ஓடுச்சு. 'வீ...'ன்னு பேய் மாதிரி கத்திக்கிட்டே ஓடுச்சு. பெறகு 'கிரீச்'. பெறகு 'டொக்'. பச்சப்புள்ளைக்கு இருட்டுலதான் பால் குடுத்தோம்."

ரோசம்மா மூட்டையைப் பிரிச்சாங்க. கருகின வாடை. பேரிங் கரியாப் போயிருந்துச்சு, தண்டு அசையல.

"பல்பைக் கழட்டிட்டு சுத்த விட்டீங்களாண்ணே?"

"கனத்துச்சு மேஸ்திரிம்மா. எங்கயோ பழுதுன்னு நெனைச்சேன்."

"இழுத்துப் புடிக்க ஒண்ணும் இல்லாம, அது வேகத்துலயே அது வெந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டல. வேற ஒரு மோட்டாரை எடுத்து மேசையில இறுக்கி, தண்டுல ஒரு கைப்பிடிய மாட்டினாங்க.

"சுத்துங்க."

சுத்தினாரு. பஞ்சு மாதிரி சுத்துச்சு. கன்னியம்மா, "இதை எம் பேரனே சுத்துவான்"னா.

ரோசம்மா பல்பு வயரை மாட்டினாங்க. சட்டுனு யாரோ எதிர்ப்பக்கம் புடிச்சு இழுக்குற மாதிரி கைப்பிடி கனத்துச்சு. கொட்டகையோட இருட்டு மூலையில பல்பு எரிஞ்சுது.

"பேரிங்கா?"ன்னு கேட்டாரு வீரணன்.

"புதுசுண்ணே. முந்தாநேத்துப் போட்டது."

வீரணன் சுத்தினாரு. தோள்பட்டை வலிச்சுது. கை கொஞ்சம் அசந்தா பல்பு மங்குச்சு, அழுத்திச் சுத்துனா தெளிஞ்சுது. அங்கம்மா தோளுக்கடியில கையக் குடுத்துப் பொரட்டுறப்ப இதே கனம்தான். பொரட்டி முடிச்சதும் அவ நிமிந்து பாப்பா. இவரு அந்த நேரத்துல செவுத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாரு.

நெத்தியில இருந்து வேர்வை எறங்குச்சு. தொடைக்கக் கை இல்ல.

"எப்ப லேசாகும், மேஸ்திரிம்மா?"

ரோசம்மா பல்பு வயர்ல கைய வச்சாங்க.

"கழட்டிரட்டுமாண்ணே?"

வீரணன் கைப்பிடிய இன்னும் அழுத்திச் சுத்தினாரு. பல்பு தெளிஞ்சுது.