தங்கபுஷ்பத்தின் பயிற்சி

ஆர்மோனியம் படிக்கப் போனபோது வேதமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சொல்லிக்கொடுத்த மேபல் டீச்சருக்கு முப்பத்தாறு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் மகள் வயதுக்காரியின் முன்னால் பாயில் உட்கார்ந்து சரளி வரிசை வாசித்தார். மூன்றாம் வருஷம் சபையின் பாடகர் குழுவை டீச்சர் அவரிடம் ஒப்படைத்தார்.

"நீங்க நடத்துங்க அண்ணாச்சி. நான் ஆர்மோனியத்தில் இருக்கேன்."

வேதமுத்து நன்றாகவே நடத்தினார். ஒரு சுரம் பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அவரைப் படுத்திய குரல் ஒன்றே ஒன்றுதான். தங்கபுஷ்பம், பீடி சுற்றுகிறவள். இருபத்திரண்டு வருஷமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறாள். பெரிய குரல். ஆனால் சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே போகும். எல்லோரும் முடித்த பிறகும் கடைசி வார்த்தையை விடமாட்டாள்.

சேகரத்துச் சபைகளெல்லாம் சேர்ந்து நடத்தும் பாட்டுப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைய பயிற்சியில் வேதமுத்து நான்கு தடவை பாட்டை நிறுத்தினார். நான்காவது தடவை அவள் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"வரிசை குறையக் கூடாது, நீ நில்லு. வாயை மட்டும் அசை."

"சரிங்கய்யா."

மறுபடி பாடினார்கள். பாட்டு ஒரே இழையாக வந்தது. போட்டியில் கோப்பையும் வந்தது.

இனிப் பாடலாம் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் முதல் ஆளாக வந்து நின்றாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் அவள் புருஷன் நேசையன் செத்துப்போனான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது குழு பாடியது. தங்கபுஷ்பம் குழியோரம் நின்றாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. உதடுகள் ஒரு சொல் விடாமல் அசைந்தன. சத்தம் இல்லை.

தாளம் போட்டுக்கொண்டிருந்த வேதமுத்துவின் கை நின்றுவிட்டது. பாட்டு அவர் இல்லாமலே முடிந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனார்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, தாயி. நீ பாடு."

மடியிலிருந்த பீடித் தட்டை அவள் இறக்கி வைத்தாள். அவருக்காக எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.

"வரமாட்டேங்குய்யா. வலியெல்லாம் இல்ல, சும்மா வரமாட்டேங்கு. அவுக போன அன்னைக்கு அழுதப்பவும் சத்தம் வெளிய வரல."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சமாதானம் சொன்னாள்.

"ஒண்ணும் நினைக்காதீக. உள்ளுக்குள்ள பாடிக்கிடுதேன். இருங்க, காப்பி போடுதேன்."

காப்பி குடிக்காமலே எழுந்து, நேராக டீச்சர் வீட்டுக்கு நடந்தார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேதமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நான் அவகிட்ட அப்படிச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?"

"எந்தக் குரல் நின்னுச்சுன்னு வாசிக்கிறவளுக்குத் தெரியாமப் போகுமா?"

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"காதுக்கு இதமா இருந்துச்சு."

வேதமுத்து பாயில் உட்கார்ந்தார்.

"எந்தப் பயிற்சி கொடுத்தா அவ குரல் திரும்பி வரும்? சொல்லுங்க. தினமும் போய்ச் சொல்லிக்கொடுக்கேன்."

டீச்சர் ஆர்மோனியத்தின் துருத்தியை மடக்கிக் கொக்கி போட்டார்.

"ரெண்டு வருஷத்தில் எத்தனை நாள் அவ பயிற்சிக்கு வராம இருந்தா?"

"ஒரு நாள்கூட இல்லை."

"மத்தவங்க?"

"வருவாங்க, வரமாட்டாங்க. வந்தாலும் சொன்னதில் பாதியை மறந்திருப்பாங்க."

"நாம சொல்லிக்கொடுத்ததை முழுசாக் கத்துக்கிட்டவ அவ ஒருத்திதான், அண்ணாச்சி."