தும்மலுக்கு வாய் திறக்காதவர்

முன்னொரு காலத்தில், மூக்குப்பொடி டப்பி இல்லாத மடியே கிடையாது என்றிருந்த நாளில், ஓர் அரசருக்கு விபரீத ஆசை வந்தது. எல்லாம் அவருடைய விகடகவி கூத்தபிரானின் வாயால் வந்த வினை. "முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது என்ன பெரிய வித்தை? நான் காதால் கேட்டே சொல்லிவிடுவேன்" என்று சபையில் அளந்துவிட்டான்.

பிரதானி வல்லபராயருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா?

"மகாராஜா, சோதித்துவிடலாம். இவன் கண்ணைக் கட்டுவோம். நாங்கள் நால்வர் வரிசையாக நிற்கிறோம். யார் எங்கே என்று சொல்லட்டும். தவறினால் இன்றே நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசர் உற்சாகத்தில் சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். "நால்வரும் பேசக்கூடாது. இது நம் கட்டளை" என்றார்.

யாரும் சாடை காட்டாதிருக்க மற்றவர்களை வெளியே அனுப்பினார் பிரதானி. கூத்தபிரானின் கண்ணை இறுகக் கட்டி, தரையில் பஞ்சு மெத்தை விரித்தார். வாள், காப்பு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். சேனாதிபதி, ராஜவைத்தியர், கஜானா அதிகாரி, பிரதானி நால்வரும் பூனைபோல் வந்து நின்றார்கள். மூச்சுகூடக் கேட்கவில்லை.  கூத்தபிரான் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். தவறினால் அவனோ பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும்.

"மகாராஜா, பயத்தில் புத்தி ஓடவில்லை. ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொள்ளலாமா?"

"போட்டுக்கொள்."

சிட்டிகையை எடுத்தவன், அரசர் குரல் வந்த பக்கம் திரும்பி உஃப் என்று ஊதினான். அரசர் தும்மிய தும்மலில் மண்டபமே அதிர்ந்தது.

அந்த நாட்டில் அரசர் தும்மும்போது வாழ்த்தாத நாக்கு துரோகி நாக்கு. பழகிய வாய் சும்மா இருக்குமா? "நூறாயுசு, நூறாயுசு" என்று குரல்கள் கிளம்பின.

"இடக்கோடியில் சேனாதிபதி, அடுத்து வைத்தியர், வலக்கோடியில் கஜானா அதிகாரி" என்று மடமடவென்று சொன்னான் கூத்தபிரான். "நடுவே சத்தமில்லாத இடத்தில் பிரதானி."

"அவர் வாயே திறக்கவில்லையே?"

"அதனால்தான் தெரிந்தது, மகாராஜா. என்னைத் துரத்துவதற்காகத் தங்கள் ஆயுளை வாழ்த்தாமல் விட வேறு யாருக்கு மனம் வரும்?"

பிரதானியின் முகம் வெளிறியது. "கட்டளைப்படிதான் பிரபு..." என்று குழறினார்.

"பேசாதே என்றோம். வாழ்த்தாதே என்றோமா?" என்று அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். சிரித்த சிரிப்பில் மிச்சப் பொடியும் மூக்கில் ஏற, இன்னொரு முறை தும்மினார்.

தும்மல் முடியும் முன்பே "ஆயிரமாயுசு" என்று ஒரு குரல் கூரையைப் பிளந்தது. அது யார் என்று சொல்லக் கூத்தபிரான் தேவைப்படவில்லை. வெளியே நின்ற யானைப்பாகனுக்கே தெரிந்துவிட்டது.