பழைய பாம்புக்காரர்

நல்லமங்கலத்தில் பொன்னுரங்கம் என்று ஒருவர் இருந்தார். யோசிக்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார். அவரிடம் இருந்த கோளாறே அதுதான்.

ஒருநாள் காலை அவர் வீட்டு அடுப்படிக்குள் நல்ல பாம்பு ஒன்று புகுந்துவிட்டது. மனைவி மரகதம் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அரிசிப் பானைக்குப் பின்னாடி சுருண்டு கிடக்குங்க! போய்ப் பாம்புக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அது போனாத்தான் இன்னிக்குச் சோறு!"

சோறு என்றதும் பொன்னுரங்கத்தின் கால்கள் தானாக ஓடின. கூட்டாளிகள் சடையனும் ஆவுடையும் சேர்ந்துகொண்டார்கள். பாதி வழியில் சடையன் சட்டென்று நின்றான்.

"அண்ணே, பால்காரர் வந்தா என்ன வரும்?"

"பால் வரும்."

"மீன்காரர் வந்தா?"

"மீன் வரும்."

"அப்போ பாம்புக்காரர் வந்தா?"

பொன்னுரங்கத்துக்குக் குப்பென்று வேர்த்தது. ஒரு பாம்புக்கே சோற்றைக் காணோம். கூடை நிறைய வந்து இறங்கினால் குடும்பம் என்னாவது?

"காரர்னாலே கொண்டு வர்றவர்தான் அண்ணே," என்றான் ஆவுடை, துக்கம் விசாரிக்கிற குரலில்.

பொன்னுரங்கம் நடுரோட்டில் கண்ணை மூடி நின்று யோசித்தார். "இருங்கப்பா. பேப்பர்காரர் பேப்பரைக் கொண்டாந்து போடுறார். பழைய பேப்பர்காரர்?"

"எடுத்துக்கிட்டுப் போறார்!"

"ஆக, சூட்சுமம் 'காரர்'ல இல்ல, 'பழைய'ல இருக்கு. நமக்கு வேண்டியது பழைய பாம்புக்காரர்!"

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பாம்புக்காரர் வீட்டில் ஓர் இளைஞன் விஷயத்தைக் கேட்டதுமே சாக்குப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பொன்னுரங்கம் பதறிப்போய்க் கும்பிட்டார்.

"நீங்க வேண்டாம் தம்பி. பழைய பாம்புக்காரர்தான் வேணும்."

"அது எங்க அப்பா. முட்டி வலியில அவரால நடக்கவே முடியாதே!"

உள்ளே கட்டிலில் கிடந்த பெரியவருக்கோ முகமெல்லாம் பல். "என்னைத் தேடி ஆள் வந்து எத்தனை காலமாச்சு! தூக்குங்கப்பா கட்டிலை!"

தூக்கினார்கள். உச்சி வெயிலில் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியபோது பொன்னுரங்கத்துக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மனசு மட்டும் குளுகுளுவென்று இருந்தது. பெரியவர் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"பாம்பு எப்போ வந்தது?"

"இன்னிக்குக் காலையிலதான்..." என்ற பொன்னுரங்கம், சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொண்டார். "அடேய் சடையா! இன்னிக்கு வந்த பேப்பரைப் பழைய பேப்பர்காரர் எடுப்பாரா?"

"எடுக்கமாட்டாரே!" என்று அலறினான் சடையன். "இது புதுப் பாம்பாச்சே!"

பெரியவர் பிளந்த வாய் மூடாமல் திரும்பக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"விடுங்கண்ணே," என்று ஆவுடை தேற்றினான். "நாளைக்கு விடிஞ்சாப் பழசாயிடும்."

அந்த நேரம் பார்த்துப் பாம்பு தானாகவே வெளியே வந்து, வேலிப் பக்கம் நெளிந்தது. "அப்பாடா!" என்றாள் மரகதம்.

மூன்று பேரும் விழுந்தடித்து ஓடி வேலியோரம் வழிமறித்தார்கள். பொன்னுரங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பிக் கெஞ்சினார்.

"தாயே, ஐயாவைக் கட்டிலோட தூக்கிட்டு வந்திருக்கோம். ஒரே ஒரு ராத்திரி உள்ள வந்து படுத்துக்க. காலையில பழசானதும் மரியாதையா அவரோட போயிடலாம்!"