நண்டு வீட்டு மேல வந்த வரப்பு

அந்தக் காலத்துல நண்டு பேசும், கொக்கு பேசும், ஆமைகூட மெதுவாப் பேசும். மனுசனும் பேசுவான். ஆனா பேசுனதை ஞாபகத்துல வச்சுக்கிற வேலையை மத்த உயிர்களுக்கு விட்டுருவான்.

அப்ப ஒரு கண்மாய் இருந்துச்சு. அதோட மேட்டு ஓரத்துல சடையாண்டின்னு ஒருத்தனும் அவன் பொண்டாட்டி ஒச்சாயியும் வந்து குடிசை போட்டாங்க. கண்மாய்க்குள்ள இருந்த உயிர்களுக்கெல்லாம் ஒரு தாய் நண்டுதான் பெரிய மனுசி. சடையாண்டி அதுக்கிட்டப் போய் நின்னான்.

"நண்டக்கா, வீட்டுல புள்ளைக பசியாக் கிடக்கு. ஓரமா கொஞ்சம் நெல்லு போட்டுக்கிறேன்."

"போடு தம்பி. நீயும் திங்கணும்ல. ஆனா கோடையில தண்ணி சுண்டுனா, நாங்க ஈரமண்ணுக்குள்ள வளை தோண்டிப் படுத்துத்தான் உசுரைக் காப்பாத்துறோம். அந்த ஈரமண்ணுல மட்டும் கை வச்சிராத."

நியாயமாத்தான் பேசி முடிச்சாங்க. நண்டு சேறு அள்ளிப் போட, சடையாண்டி மிதிச்சுக் கொடுக்க, நடுவுல ஒரு வரப்பு எந்திரிச்சுச்சு. மேட்டுப் பக்கம் வயலு, பள்ளத்துப் பக்கம் கண்மாய். வேணுங்கிற தண்ணியை அவன் இறைச்சுக்கலாம்.

"வரப்பைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன்"னு சடையாண்டி சொன்னான்.

"வரப்புல வளை தோண்ட மாட்டேன்"னு நண்டு சொல்லுச்சு.

சடையாண்டி வேலையில சுத்தம். ஒவ்வொரு நடவுக்கு முன்னாடியும் அண்டை வெட்டுவான். அதாவது, வரப்போட ஓரத்தைப் புல்லும் மண்ணுமாச் சீவிவிட்டு, சேறு பூசி மெழுகுவான். எல்லா விவசாயியும் செய்யறதுதான். இவன் சீவுறது மட்டும் எப்பவும் வயல் பக்கம். சீவுன மண்ணை அப்புறது எப்பவும் கண்மாய்ப் பக்கம். ஒரு தடவைக்கு ஒரு சாண்கூட இருக்காது. வரப்பு என்னமோ அதே வரப்புதான். கொஞ்சம் கொஞ்சமாக் கண்மாய்க்குள்ள நடந்து போச்சு.

ஒச்சாயி இதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. "ஏய்யா, முன்னெல்லாம் வரப்புல நின்னா கண்மாய்க்குள்ள கிடக்கிற பாறை எட்டத்துல தெரியும். இப்ப அதுமேலதான் கஞ்சிக் கலயத்தை வைக்கிறேன்."

"பாறை நகர்ந்து வந்திருக்கும். கஞ்சியை ஊத்து."

தாய் நண்டும் வந்து கேட்டுச்சு. "தம்பி, சொன்ன சொல்லு என்னாச்சு?"

சடையாண்டி வெத்தலையை ஒரு பக்கமா ஒதுக்கிக்கிட்டான். "என்னக்கா ஆச்சு? நான் தாண்டுனேனா? இந்தா, இந்தப் பக்கம்தான நிக்கிறேன். வரப்பு நகர்ந்தா வரப்பைத்தான் கேக்கணும்."

நண்டு கொக்குகிட்ட முறையிட்டுச்சு. "எனக்கு றெக்கை இருக்கு, வேற கண்மாய் பார்த்துக்கிறேன்"னு கொக்கு கிளம்பிருச்சு. ஆமை, "பொறுத்துப் பார்ப்போம்"னு சொல்லுச்சு. அது இன்னும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கு.

அந்த வருசம் சடையாண்டிக்குக் கோடையிலயும் ஒரு போகம் எடுக்கணும்னு ஆசை வந்துருச்சு. கண்மாயில கிடந்த கடைசித் தண்ணியை ஏத்தம் போட்டு இறைச்சான். தாய் நண்டு, குஞ்சுகளை ஈரமண்ணு வளைக்குள்ள படுக்க வச்சுட்டு இரை தேடிப் போச்சு. பக்கத்துல எங்கயும் ஈரமே இல்ல. ரொம்ப தூரம் போக வேண்டியதாப் போச்சு.

திரும்பி வந்தா வளை வாயைக் காணோம். அந்த இடத்துல புதுசாப் பூசி மெழுகுன வரப்பு, வழவழன்னு காய்ஞ்சு கிடந்துச்சு. அந்தப் பக்கம் வயல் நிறையத் தண்ணி, நட்ட நாத்து.

நண்டு அழவே இல்ல. தோண்டுச்சு. காய்ஞ்ச சேத்தைக் கொடுக்கால உடைச்சு உடைச்சு உள்ள போச்சு. குஞ்சுகளைக் கண்டுச்சு. ஒண்ணுகூட அசையல. அதுக்கப்புறமும் நிறுத்தாம, வயல் பக்கத்து வெளிச்சம் தெரியற வரைக்கும் தோண்டிக்கிட்டே போச்சு.

பொழுது சாயறதுக்குள்ள வயல் தண்ணி பூரா அந்த ஓட்டை வழியாக் கண்மாய்க்கே போயிருச்சு. வேர் பிடிக்காத நாத்தெல்லாம் தலை தொங்கிருச்சு.

சடையாண்டி மண்வெட்டியோட ஓடி வந்தான். "நன்றி கெட்ட நண்டே, வரப்புல வளை தோண்ட மாட்டேன்னு சொன்னியே, உனக்கெல்லாம் ஒரு வாக்கா?"

"நான் எங்கடா வரப்புல தோண்டுனேன்?" நண்டு ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கிட்டு வளை வாயில நின்னுச்சு. "இது என் வீடு. என் புள்ளைக செத்துக் கிடக்கிற வீடு. நீதான் வரப்பைக் கொண்டாந்து இதுமேல வச்சிருக்க. வரப்பு நகர்ந்தா வரப்பைத்தான் கேக்கணும்னியே. கேளுடா."

சடையாண்டி நண்டைப் பிடிச்சு நசுக்க வளைக்குள்ள கையை விட்டான். வெளிய எடுக்கும்போது விரல்ல ரத்தம் சொட்டுச்சு.

ஒச்சாயி துணியைக் கிழிச்சுக் கட்டிவிட்டா. "வரப்பை முன்ன இருந்த இடத்துல வையி. நண்டு பாட்டுக்கு அது கிடக்கும்."

"வச்சா இவ்வளவு நெலமும் போயிருமேடி."

சொல்லிட்டு, ஒரு கை சேத்தை அள்ளி ஓட்டையை அடைச்சான்.

அன்னையில இருந்துதான் நண்டு வரப்பாப் பார்த்து வளை தோண்டுது, கையை விட்டா கடிக்குது. நாம அடைக்க அடைக்க அது திறக்குது. நண்டுத் தொல்லை தாங்கலன்னு மருந்துகூட வச்சுப் பார்த்தாச்சு. வரப்பைத் திருப்பி வைக்கிறதை மட்டும் இன்னும் ஒருத்தனும் செஞ்சு பார்க்கல.