பெருச்சாளியின் பேட்டரிச் சுவர்

தாமரைக்குளத்தின் கரையில் ஒரு பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தது. மழை பெய்தால் வளையின் சுவர் சரிந்துவிடும். பக்கத்தில் ஊரார் குப்பை கொட்டும் மேடு ஒன்று உண்டு. அங்கே கிடந்த பழைய பேட்டரிகளைப் பெருச்சாளி ஒவ்வொன்றாக உருட்டி வந்து சுவரோடு அடுக்கியது. அடுத்த மழைக்குச் சுவர் அசையவில்லை. பெருச்சாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

சில நாள் கழித்துத் தவளை வந்தது.

"அண்ணே, உங்கள் வளையிலிருந்து ஏதோ கசிந்து குளத்தில் கலக்கிறது. என் முட்டைகள் எல்லாம் வெளுத்துச் செத்துப் போய்விட்டன" என்றது.

"வெயிலால் இருக்கும்" என்றது பெருச்சாளி.

தவளை திரும்பிப் போய் வெளுத்த முட்டைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அதைப் பார்த்த பெருச்சாளிக்கு அன்று இரை இறங்கவில்லை. வளைக்குள் போய்ச் சுவரை முகர்ந்தது. பேட்டரிகள் உப்பி வெடித்திருந்தன. கசிவு பட்டதும் மூக்கு தீயாய் எரிந்தது.

அது தவளையிடம் ஓடியது. "தப்பு என்னுடையதுதான், தங்கச்சி. எல்லாவற்றையும் இப்போதே பக்கத்து ஓடையில் தள்ளிவிடுகிறேன். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்."

"எங்கே போகும்?"

"கீழே இருக்கிற குளத்துக்கு."

"அங்கேயும் ஒரு தவளை முட்டையிட்டிருக்குமே, அண்ணே."

"அப்படியானால் இதை எங்கேதான் போடுவது?" என்றது பெருச்சாளி.

இதைக் கேட்டுக்கொண்டு கரையோர மரத்திலிருந்த காகம் ஒன்று கீழே இறங்கியது. "செல்போன் கடை வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. பழைய பேட்டரியை மனிதர்கள் அதில்தான் போட வேண்டுமாம். அதிலிருக்கும் நஞ்சைப் பிரித்துவிட்டு உலோகத்தை மறுபடி பயன்படுத்துவார்களாம். கண்ட இடத்தில் கொட்டக் கூடாதென்று சட்டமே இருக்கிறது."

"பிறகு ஏன் இங்கே கொட்டினார்கள்?" என்று கேட்டது பெருச்சாளி.

"பெட்டி வரை நடக்கச் சோம்பல்" என்றது காகம்.

பெருச்சாளி தன் சுவரைத் தானே பிரித்தது. ஒவ்வொரு பேட்டரியையும் தேக்கிலையில் சுற்றிக் கொடுத்தது. காகம் பறந்து போய்ப் பெட்டியில் போட்டது. வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. கசிவு ஊறிய மண்ணையும் வழித்துக் மழைநீர் குளத்துக்கு அடித்து வராதபடி தொலைவான ஒரு மேட்டில் ஒதுக்கிய பின்தான் பெருச்சாளி வேறு வளை தோண்டியது.

பெருமழை வந்து குளம் புதுத் தண்ணீரால் நிறைந்தது. தவளை மறுபடி முட்டையிட்டது. வாலை ஆட்டி நீந்தும் குஞ்சுகளைக் காட்ட, முதல் ஆளாகப் பெருச்சாளியைத்தான் கூட்டிப் போனது.

நமக்கு வேண்டாத நஞ்சை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடாமல், சிரமப்பட்டாவது அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.