கல்லில் காய்ந்த பாசி

பாம்பன் பக்கத்துக் கரையில் பாசி எடுக்கும் பிரகாசிக்கு நாற்பது வயது. அவளிடம் சீடனாக வந்து சேர்ந்த தில்லைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், அவருக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. மனைவி வடிவுக்குப் புற்றுநோய். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடல் வற்றும்போது வெயில் பாசியைச் சுடும். கெட்டுப்போகாமல் இருக்கப் பாசி தனக்குள்ளேயே ஒரு காவல் பொருளைச் சுரந்துகொள்ளும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் என்று அவர் படித்திருந்தார். அந்தப் பாசியைக் கஞ்சியாக்கிக் கொடுத்தால் வடிவு பிழைப்பாள் என்று நம்பினார். படித்தவர் நம்பிவிட்டால் அவ்வளவுதான், ஆதாரத்தோடு நம்புவார்.

பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் முங்கினார். முதல் நாளே அவசரத்தில் ஒரு கொத்தை அடியோடு பிடுங்கினார். பிரகாசி கையைத் தட்டிவிட்டாள்.

“நுனியை மட்டும் கிள்ளுங்க வாத்தியாரே. அடி பாறையைப் பிடிச்சிருந்தாத்தான் அதுக்கு உசுரு.”

கரையேறியதும், இது வடிவைக் காப்பாற்றுமா என்று கேட்டார். பிரகாசி அவர் பிடுங்கிய கொத்தை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, யாரும் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

விடிந்தும் விடியாமலும் அவர் கிளம்பும்போதெல்லாம், இன்றைக்கு ஒருநாள் பக்கத்தில் இருங்களேன் என்பாள் வடிவு. இதோ வந்துவிடுகிறேன் என்று ஓடுவார். திரும்பும்போது அவள் மருந்து மயக்கத்தில் கிடப்பாள். பாசியை நானே எடுத்துத் தருகிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்று பிரகாசியும் சொல்லிப் பார்த்தாள். தன் கையால் எடுத்தால்தான் ஆச்சு என்றார் அவர்.

பதினோராம் நாள் வடிவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. வாயோரம் வழிந்துவிட்டது.

மறுநாள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்தவர், இதைவிட நல்ல பாசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கேட்கும்போதே அழுதுவிட்டார். பிரகாசி கல்லைக் காட்டினாள். கொத்து வெளுத்து வைக்கோலாகக் கிடந்தது.

“நீங்க சொன்ன மருந்து அதுக்குள்ளதான இருந்துச்சு?” என்றாள்.

அவர் அதை எடுத்தார். கையிலேயே நொறுங்கியது. பிரகாசியின் புருஷனும் இதே நோயில்தான் போனான் என்று ஊரில் சொல்லக் கேட்டிருந்தார். இத்தனை நாள் கேட்க மனம் வராததை இப்போது கேட்டார்.

“அவருக்கு நீங்க பாசி கொடுக்கலையா?”

“கொடுத்தேன். கரைப் பாசி வேணாம், தீவுப் பாசிதான் நல்லதுன்னு அங்கேயே போய் எடுத்தேன்.”

“அப்புறம்?”

பிரகாசி அவர் விரல்களில் இருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

“வீட்டுக்குப் போங்க வாத்தியாரே. அவரு உசுரு போனப்ப நான் தண்ணிக்குள்ள இருந்தேன்.”